காடு எப்போது வரும்?

பாவாயியை ஏமாற்றுக்காரி என்று எழுதினார்கள். காட்டைக் காட்டுவதாகச் சொல்லிப் பதினான்கு பேரை அழைத்துப்போய், வெறும் புல்லைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. எழுதியவர்கள் கோவையில் உள்ள ஞாயிறு நடையர் மன்றத்தார். படித்தவர்கள். கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

எழுதுவதற்கு முன் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடந்தது இதுதான்.

பல்லடம் தாண்டி ஒரு மணி நேரத்தில் கொறங்காடுகள் தொடங்கிவிடும். மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த நிலம். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே முழங்காலுக்கு மேல் கொழுக்கட்டைப் புல். புல்லுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டு தள்ளி நிற்பதைப் போல வெள்வேல மரங்கள். வேலிக்கு அடுத்து வேலி, புல்லுக்கு அடுத்து புல் என்று போய், கடைசியில் ஓடைக்கரையில் வேம்பும் உசிலையும் நெருங்கி நிழல் கட்டியிருக்கும். மொத்தம் மூன்று கிலோமீட்டர். மேடு இல்லை, பள்ளம் இல்லை. செருப்போடு நடக்கலாம்.

பாவாயிக்கு முப்பத்தொன்பது வயது. முதல் கொறங்காட்டில் அவள் ஆடுகளும் மேய்கின்றன. நான்கு வருஷமாக ஞாயிறுதோறும் அந்த வழியில் ஆட்களை நடத்திப் போகிறாள். காய்ச்சலோடு நடத்திய ஞாயிறுகளும் உண்டு. முன்பெல்லாம் சுற்றுவட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்கள் வருவார்கள். இந்த வருஷம்தான் மன்றம் வந்தது. இப்போது வருகிறவர்களை எல்லாம் மன்றமே சேர்த்து அனுப்புகிறது.

முதல்முறை மன்றத்திலிருந்து ஃபோனில் கேட்டார்கள்.

“நடை எது வழியா போகும்?”

“காட்டு வழியாத்தானுங்க.”

அந்தப் பக்கத்தில் வானம் பார்த்த நிலம் எல்லாமே காடு. சோளம் விதைத்தாலும் காடு, ஆடு மேய்ந்தாலும் காடு. மன்றத்தில் இருந்தவர்கள் சென்னையிலிருந்தும் இன்னும் எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் அச்சடித்தார்கள்: ‘காட்டு நடை. எளிது. அனைவரும் வரலாம்.’

வந்தார்கள். ஒருவர் புலிக்கோடு போட்ட சட்டையில் வந்தார். மூன்று பேர் கழுத்தில் தொலைநோக்கி தொங்கியது.

“மேடம், யானை வருமா?”

“ஆடு வருமுங்க.”

சிரித்தார்கள். நடந்தார்கள். கௌதாரி ஒன்று காலடியிலிருந்து வெடித்துப் பறந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தூரத்தில் காட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“காடு எப்போ வரும் மேடம்?”

“வந்தாச்சுங்க.”

மறுபடி சிரித்தார்கள்.

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“காட்டுக்குள்ளதான இருக்கறோம்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஓடைக்கரை மரங்கள் கண்ணில் பட்டதும் புலிக்கோட்டுச் சட்டைக்காரர் நெஞ்சில் கைவைத்தார்.

“அப்பாடா, காடு!”

“இது தோப்புங்க,” என்றாள் பாவாயி.

நடை அதோடு முடிந்தது.

மறுநாள் மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் கடிதம் வந்தது. ‘காட்டுக்குள் எப்போது நுழைவோம் என்று கேட்டுக்கொண்டே நடந்தோம். கேட்டு முடிப்பதற்குள் வண்டி நின்ற இடம் வந்துவிட்டது.’ பதினான்கு பேரும் ஒப்புதல் தெரிவித்திருந்தார்கள். ‘ஏமாற்றுக்காரி’ என்பது கீழே ஒருவர் சேர்த்தது. யாரும் அதை நீக்கவில்லை. அது அப்படியே ஊருக்கு வந்து சேர்ந்தது. டீக்கடையில் ஒருவர் கேட்டார்:

“ஏனுங்க பாவாயி, காட்டையே திருடிப்போட்டீங்களாமா? எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க?”

“உங்க மீசைக்குள்ளீங்க. நல்லாத் தேடிப் பாருங்க,” என்றாள் பாவாயி. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தாள்.

மன்றத்தின் செயலாளர் பெயர் மாதங்கி. அவர் தட்டச்சு செய்த தாள் ஒன்றை அனுப்பினார். அதில் இரண்டே வரி. ‘புல்வெளியைக் காடு என்று கூறியது என் தவறு. இனி அவ்வாறு கூறமாட்டேன்.’ கீழே பாவாயியின் பெயர். பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம். ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் நடை தொடரும். போடாவிட்டால் வேறு வழிகாட்டி.

பாவாயிக்குச் சீடர் ஒருவர் உண்டு. கலியபெருமாள். வயது அறுபத்தொன்று. மாயவரத்துக்காரர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு இருக்கலாம் என்று இந்தப் பக்கம் வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு நடைக்கு வந்தவர், திங்கட்கிழமையும் வந்தார். செவ்வாயும் வந்தார். அன்றிலிருந்து அவளை டீச்சர் என்று கூப்பிடுகிறார். முதலில் அவள் வேண்டாம் என்றாள். பிறகு அவர் ஒரு நாள் புல்லின் பெயரைத் தப்பாகச் சொன்னபோது, “எத்தன தடவ சொல்றதுங்க?” என்று அதட்டிவிட்டாள். அதன்பிறகு மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை அவர் ஒரு வெள்வேல மரத்தடியில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவாயி வேலியில் விழுந்திருந்த ஓட்டைக்கு முள் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், ஒண்ணு கேட்கலாமா?”

“கேளுங்க சர்வேயரே.”

“ஒரு சொல்லு. ரெண்டே எழுத்து. அதுக்காக நாலு வருஷத்தை விட்டுடலாமா?”

அவள் இன்னொரு முள்ளை எடுத்தாள்.

“நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன்,” என்றார் அவர். “புல்வெளின்னே எழுதுவோம். பக்கத்துல அடைப்புக்குறி போட்டு, அதுக்குள்ள காடுன்னு எழுதிடுவோம். அவங்களுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு.”

“அடைப்புக்குறின்னா?”

அவர் விரலால் காற்றில் இரண்டு வளைவு போட்டுக் காட்டினார்.

“வேலிங்களா?”

“வேலி மாதிரிதான்.”

“இந்த வேலிக்குள்ள ஆடுதானுங்க இருக்குது. காட்டைத் தூக்கி எந்த வேலிக்குள்ள வெப்பீங்க?”

கலியபெருமாள் தாளைத் திருப்பினார். அடுத்த யோசனையும் தயாராக இருந்தது.

“அப்ப, ரெவின்யூ கணக்குல இருக்கறபடியே எழுதிடலாம். அதுல இது புன்செய். யாரும் வாயே திறக்க முடியாது. அரசாங்கத்து வார்த்தை.”

“சர்வேயரே, மத்தியானம் தூக்குப்போசியில சோறு எடுத்துட்டு ஆராச்சும் புன்செய்க்குப் போயிப் பாத்திருக்கறீங்களா?”

“இல்ல.”

“எங்க போவாங்க?”

அவர் தாளை மறுபடி திருப்பினார்.

“புல்வெளில என்னதான் டீச்சர் குத்தம்? நல்ல தமிழ்தானே?”

“நல்ல தமிழுதானுங்க. ஆனா எங்கூர்ல வெளிக்குப் போறதுன்னா வேற வேலைக்குப் போறது. மாடு மேய்க்கற ராமாத்தாகிட்டப் போயி, புல்லு வெளிக்குப் போறீங்களான்னு கேட்டுப் பாருங்க. கையில இருக்கற குச்சி உங்க முதுகுல இருக்கும்.”

அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மறுபடி வாடியது.

“எனக்குப் பயமா இருக்கு டீச்சர். முப்பத்துநாலு வருஷம் காகிதத்தோடயே இருந்தவன் நான். காகிதத்துல ஏறின சொல்லுதான் ஜெயிக்கும். நிலத்துல நிக்கிறவன் என்ன கத்தினாலும் சரி. நீங்க கையெழுத்துப் போடலேன்னா அவங்க வேற ஆளைக் கொண்டு வருவாங்க. அந்த ஆளு இதை ஒரு மணி நேரத்துல நடந்துட்டு, போட்டோ எடுத்துட்டுப் போயிடுவான். போனால் போகுதுன்னு ஒரு கையெழுத்து. நடை நம்ம கையில இருக்கும்.”

பாவாயி கடைசி முள்ளையும் செருகிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு நீங்க கெளம்பி வரும்போது உங்க மக எங்க போறீங்கன்னு கேட்டுச்சுங்களா?”

“கேட்டாள்.”

“என்ன சொன்னீங்க?”

கலியபெருமாள் யோசித்தார். வேட்டியில் ஒட்டியிருந்த புல் கதிர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தார்.

“காட்டுக்குப் போயிட்டு வர்றேன்னேன்,” என்றார்.

அவள் ஆடுகளை நோக்கி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மன்றத்து வண்டி வந்து நின்றது. அதே பதினான்கு பேர். விஷயம் எப்படி முடிகிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். புலிக்கோட்டுச் சட்டைக்காரர் இன்று வெள்ளைச் சட்டையில் இருந்தார். மாதங்கி முன்னால் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நேராகப் பேசுகிறவர். கையில் தாளின் இன்னொரு பிரதி இருந்தது.

பாவாயி கடவுக்குப் பக்கத்தில் நின்றாள். வேலியில் ஆளும் ஆடும் புகுந்து போவதற்கு விட்ட இடம் கடவு. முள்ளுப்படல் ஒன்று அதை மூடியிருந்தது. கலியபெருமாள் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றார். அடைப்புக்குறி போட்ட தாள் அவர் சட்டைப்பைக்குள் இருந்தது.

“பாருங்க பாவாயி, நான் உங்களுக்கு எதிரி இல்ல,” என்றார் மாதங்கி. “பதினாலு பேர் எழுதிக் குடுத்திருக்காங்க. ஒரு கையெழுத்து. போட்டீங்கன்னா இப்பவே நடக்கலாம்.”

“போடலீன்னா?”

“அடுத்த வாரத்துலேருந்து வேற ஆள்.”

“அவரு இதை என்னன்னு சொல்லுவாருங்க?”

“புல்வெளின்னு. அதுதானே இது?”

மாதங்கி கலியபெருமாளைப் பார்த்தார்.

“சார், நீங்க கவர்ன்மென்ட்ல இருந்தவர். அனுபவம் உள்ளவர். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.”

கலியபெருமாளின் கை சட்டைப்பைக்குப் போனது. தாளைத் தொட்டது. வெறுங்கையோடு திரும்பியது.

“நான் இங்க படிக்க வந்தவன்ம்மா,” என்றார். “சொல்லிக் குடுக்க வந்தவன் இல்ல.”

“செரிங்க,” என்றாள் பாவாயி. “கையெழுத்துக்கு முன்னால ஒரு வேலை இருக்குது. கடவைத் தெறக்கோணும். எடுத்த எடுப்புல தெறக்கக் கூடாதுங்க. காளை கடவுகிட்டயே நின்னாலும் நிக்கும். வெளிய நின்னு உள்ள ஆருன்னு கூப்பிடோணும். உள்ள ஆடு மாடு மேய்க்கறவங்க பதில் குடுத்து, காளையை ஓட்டி நிறுத்துவாங்க. அப்பறந்தான் படலைத் தொடோணும்.”

“போன தடவை நாம அப்படி எதுவும் செய்யலையே?”

“நீங்க வண்டியிலிருந்து எறங்கறதுக்குள்ள நானே கூப்பிட்டுத் தெறந்து வெச்சுட்டனுங்க. இன்னிக்கு நீங்க கூப்பிடுங்க. வேற ஆளு வந்தாலும் கூப்பிட்டுத்தான ஆவோணும்?”

“என்னன்னு கூப்பிடணும்?”

“எந்த எடத்துக்குள்ள ஆருன்னு கேக்கோணுமுங்க. எடத்துப் பேரு உங்க இஷ்டம்.”

மாதங்கி புரிந்துகொண்டார். புன்னகைத்தார். பின்வாங்குகிறவர் அல்ல. படலுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டார்.

“புல்வெளியில யாரு இருக்கீங்க?”

காற்று அடித்தது. புல் ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. எங்கோ ஓர் ஆள்காட்டிக் குருவி கத்தியது.

“அது கணக்குல சேராது மேடம்,” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

மாதங்கி இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

“புல்வெளியில யாராவது இருக்கீங்களா?”

குருவியும் வாயை மூடிக்கொண்டது.

“யாருமே இல்ல மேடம். ஆளில்லாத இடம்,” என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். “திறந்துட்டுப் போயிடலாம்.”

அவர் படலில் கை வைத்தார். மறுபக்கம் புல்லுக்கு மேலே இரண்டு கொம்புகள் எழுந்தன. காரிக்காளை ஒன்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்து ஒரு முறை மூச்சு விட்டது. அவர் கையை எடுத்து மெதுவாகப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

“புலிச் சட்டை போடாட்டியும் உங்களை அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க,” என்றார் அதே பின்வரிசைக்காரர்.

பாவாயி வேலியோரமாக நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கலியபெருமாளுக்கு வாய் துறுதுறுத்தது. அந்த ஒரு வார்த்தையை அவரே கூப்பிட்டுவிட்டால் கடவு திறந்துவிடும். வாயெடுத்தார். பாவாயி திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மாதங்கி மூன்றாவது முறையாகக் கைகளைக் குவித்தார். பதினான்கு பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், அரைக் குரலில் தொடங்கி முழுக் குரலில் முடித்தார்.

“காட்டுக்குள்ள… யாருங்க?”

“நானுங்க!”

வெள்வேல மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது.

“இந்தக் காட்டுல நானும் இருக்கறனுங்க!” இது அடுத்த வேலிக்கு உள்ளிருந்து.

“நாச்சிமுத்து இருக்கறேன், என்ன வேணுமுங்க?” இது அதற்கும் அடுத்த வேலி.

அதற்கும் அப்பால் இன்னும் இரண்டு குரல்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. கடைசியில் நீட்டிய ‘ங்கோ’ மட்டும் புல்லின் மேல் மிதந்து வந்தது.

பதினான்கு பேரும் அசையாமல் நின்றார்கள். ஒன்றுமில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்த நிலம் அது.

கையில் குச்சியோடு ராமாத்தாள் வந்தாள். காளையை ஓர் அதட்டு அதட்டி அப்பால் தள்ளிவிட்டுப் படலை இழுத்தாள்.

“வாங்க, வாங்க. எத்தன பேருங்க?”

“ரெண்டு தடவை கூப்பிட்டோமே,” என்றார் மாதங்கி. “உங்களுக்குக் கேட்கலையா?”

“கேட்டுச்சுங்களே. வள்ளியில ஆரு, வள்ளியில ஆருன்னீங்க. எங்க வள்ளியத் தேடிட்டு ஆரோ வந்திருக்கறாங்கன்னு இருந்தேன். அவ மாமியா ஊருக்குப் போயிருக்கறா. இல்லாத ஆளுக்கு நான் எப்பிடிங்க பதில் சொல்றது?”

முதலில் சிரித்தது வெள்ளைச் சட்டைக்காரர். பிறகு எல்லோரும். மாதங்கி கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். காது வரை சிவந்திருந்தது. ஆனால் சிரித்தார்.

“சரி. ஒத்துக்கறேன்,” என்றார். “இது காடுதான். தெரியாமப் போச்சு. விடுங்க பாவாயி, நடந்ததை மறந்துடலாம். நீங்க எதுவும் எழுத வேண்டாம். அடுத்த வாரமும் நீங்களே நடத்துங்க.”

தாளைக் கிழிக்க இரண்டு கைகளாலும் பிடித்தார்.

கலியபெருமாள் பெருமூச்சு விட்டார். “முடிஞ்சது டீச்சர்,” என்றார். கண் கலங்கியிருந்தது.

“கிழிக்காதீங்க,” என்றாள் பாவாயி.

“ஏன்? நீங்கதான் எழுத வேண்டாமே.”

“நான் எழுத வேண்டாமுங்க. அதுல புல்வெளிங்கறதையும் காடுங்கறதையும் எடம் மாத்துங்க. என்ற பேர அடிச்சுட்டு உங்க பேர எழுதுங்க. எழுதி, என்னைய ஏமாத்துக்காரின்னு போட்டீங்களே, அதே குழுவுல போடுங்க. போட்டுட்டுக் கூப்பிடுங்க. பதில் சொல்றேன்.”